நஞ்சும் நச்சுமுறியும்: பாம்புக்கடி மருத்துவத்தின் வரலாற்றில் இருளர்களின் இடம்

தமிழகத்தின் நெல் விளையும் சமவெளிகளில் மனிதரும் நச்சுப்பாம்புகளும் ஒரே நிலத்தை நெடுங்காலமாகப் பகிர்ந்து வாழ்ந்து வருவதற்கு முதற்காரணம் எலி. வயலும் வரப்பும் களத்துமேடும் வைக்கோற்போரும் குதிரும் எலிக்கு உணவும் வளையும் தர, அந்த எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. அதே வரப்பில் வெறுங்காலுடன் நடப்பவரும், அதே களத்தில் இரவுக்காவல் இருப்பவரும், அதே குடிசையின் மண்தரையில் பாய் விரித்துப் படுப்பவரும் பாம்பின் வழியில் குறுக்கிட நேர்கிறது. உழவுத்தொழிலோடும் வறுமையோடும் பாம்புக்கடி இவ்வாறு பிணைந்திருப்பதால், அதன் சுமை பெரும்பாலும் கிராமத்தின் மீதே விழுந்து வந்திருக்கிறது. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்பு கடித்து இறந்தனர் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர் என்னும் இக்கணக்கில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தவர், ஏறத்தாழக் கால்பங்கினர் பதினைந்து வயது நிரம்பாத சிறுவர் சிறுமியர்.

இத்துயரை எதிர்கொள்ளத் தேவையான அறிவு ஒருபோதும் ஓரிடத்தில் திரண்டிருந்ததில்லை. பாம்பின் தடத்தையும் குணத்தையும் அறிந்தவர்கள் வயல்வெளியில் இருந்தார்கள். நஞ்சின் இயல்பை அறிந்தவர்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்தார்கள். கடிபட்டவரை முதலில் கண்டவர்கள் ஊர் வைத்தியர்களாகவும் மந்திரிப்பவர்களாகவும் இருந்தார்கள். இம்மூவகை அறிவும் எவ்வாறு ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்தன, எப்போது சந்தித்தன, எந்த இடத்தில் இன்னும் சந்திக்காமல் நிற்கின்றன என்பதே பாம்புக்கடி மருத்துவத்தின் வரலாறு. அந்தச் சந்திப்பு நிகழ்ந்த முக்கியமான களம் செங்கல்பட்டுச் சமவெளி. அதை நிகழ்த்தியவர்களில் முதன்மையானவர்கள் இருளர்கள் என்னும் பழங்குடி மக்கள்.

நான்கு பாம்புகள்

இந்தியாவில் உள்ள பாம்பினங்களில் பெரும்பாலானவை மனித உயிருக்குத் தீங்கு செய்யும் நஞ்சு இல்லாதவை. சாரை, தண்ணீர்ப்பாம்பு, மண்ணுளி ஆகியவற்றுக்கு நஞ்சே இல்லை. கண்ணைக் கொத்தும் என்று அஞ்சப்படும் பச்சைப்பாம்பாலும், தான் கடித்தவரின் சிதை எரிவதை மரத்தின் மீதேறிப் பார்க்கும் என்று கதை கட்டப்பட்ட கொம்பேறி மூக்கனாலும் மனித உயிர் போவதில்லை. உயிரிழப்பில் மிகப் பெரும்பங்கு நான்கு இனங்களால் நேர்கிறது. நல்ல பாம்பு எனப்படும் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய இந்நான்கும் மக்கள் வாழிடங்களை ஒட்டியே வாழ்பவை என்பதால்தான் இவற்றின் கடி அதிகம்.

இவை நான்கும் ஒரே விதமாகக் கொல்வதில்லை. நாகத்தின் நஞ்சும் கட்டுவிரியனின் நஞ்சும் நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையைத் தடுப்பவை. கண்ணிமை தொங்கி, பேச்சு குழறி, விழுங்க முடியாமல், இறுதியில் மூச்சுத் தசைகள் செயலிழந்து மரணம் நேர்கிறது. நாகம் படமெடுத்து எச்சரிக்கும். அதன் கடி வலியும் வீக்கமும் தரும். கட்டுவிரியனோ இரவில் நடமாடுவது, தரையில் உறங்குபவரைக் கடிப்பது, கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் தோன்றாதது. ஆகையால் விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, கண்ணிமைச் சரிவு என்று தொடங்கும் துன்பத்தைப் பாம்புக்கடி என்று வீட்டாரும் சில வேளை மருத்துவரும் உணராமல் போவது உண்டு. கண்ணாடி விரியனின் நஞ்சும் சுருட்டை விரியனின் நஞ்சும் குருதியைத் தாக்குபவை. குருதி உறையத் தேவையான பொருள்களை அவை செலவழித்துத் தீர்த்துவிடுவதால் பல் ஈறிலிருந்தும் சிறுநீர் வழியாகவும் உள்ளுறுப்புகளிலும் கசிவு ஏற்படுகிறது. கண்ணாடி விரியனின் கடியில் சிறுநீரகச் செயலிழப்பும் சேர்ந்துகொள்கிறது. இவ்வேறுபாடு அறியப்படாத காலம் வரையில் பாம்புக்கடிக்கு ஒரே மருந்தைத் தேடும் முயற்சியே எங்கும் நடந்தது.

சேக்கிழார் காட்டும் சூழல்கள்

தமிழ்ச் சமூகம் பாம்புக்கடியை எப்படி எதிர்கொண்டது என்பதற்குப் பக்தி மரபு ஒரு முக்கியமான சான்று. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் பாம்பு தீண்டி இறந்தவர் உயிர்பெறும் நிகழ்ச்சிகள் மூன்று உள்ளன. திங்களூரில் அப்பூதியடிகளின் மூத்த மகன், திருநாவுக்கரசருக்கு அமுது படைக்க வாழைக்குருத்து அரியத் தோட்டத்துக்குச் சென்றபோது பாம்பு தீண்டுகிறது. திருமருகலில் ஒரு வணிகன் இரவில் உறங்கும்போது கடிபட்டு இறக்க, அவனுடன் வந்த பெண்ணின் அழுகையைக் கேட்டுத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடுகிறார். மயிலாப்பூரில் சிவநேசரின் மகள் பூம்பாவை, மலர் கொய்யும்போது தீண்டப்படுகிறாள்.

இவற்றை அருள் வெளிப்பாடுகளாகச் சைவ உலகம் போற்றி வந்திருக்கிறது. சமூக வரலாற்றின் நோக்கில் பார்த்தால், மூன்று நிகழ்ச்சிகளின் சூழலும் கவனத்துக்குரியது. அடர்ந்த இலைகளுக்கிடையே கையை நீட்டுவது, பூச்செடிப் புதரில் கைவைப்பது, இரவில் வழியிடத்தில் படுத்துறங்குவது ஆகிய இம்மூன்றும் இன்றைய மருத்துவக் கையேடுகள் எச்சரிக்கும் சூழல்களே. எளிய அன்றாட வேலையின் நடுவே, எந்த முன்னறிவிப்பும் இன்றி, இளம்வயதினரைக் கொண்டுசெல்லும் மரணமாகவே அக்காலச் சமூகம் பாம்புக்கடியை அறிந்திருந்தது. அடியவரின் பாட்டு ஒன்றே மீட்கக்கூடிய அளவுக்கு அம்மரணம் உறுதியானதாகக் கருதப்பட்டது.

அச்சத்தோடு வணக்கமும் வளர்ந்தது. அரசும் வேம்பும் இணைந்த மேடையில் நாகக்கல் நாட்டுவது, புற்றுக்குப் பால் வார்ப்பது, நாகர்கோவில் நாகராஜா கோயில் போன்ற தலங்களில் வழிபடுவது ஆகியவை நாகத்தைக் கொல்லாமல் விட்டு விலகும் பழக்கத்துக்குத் துணை நின்றன. ஆயினும் அந்த வணக்கத்தின் நிழல் நாகத்துக்குக் கிடைத்த அளவுக்கு விரியன்களுக்கும் சாரைக்கும் கிடைக்கவில்லை. பாம்பு என்று கண்டதும் அடித்துக் கொல்வதும் வணங்குவதும் ஒரே ஊரில் ஒருங்கே நிலவின.

வைத்தியரின் வெற்றியும் அதன் விளக்கமும்

நஞ்சு மருத்துவம் இந்திய மருத்துவ மரபுகளில் தனித்துறையாகவே வளர்ந்தது. ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களில் அகத தந்திரம் என்பது நஞ்சைப் பற்றியது. சித்த மருத்துவ மரபிலும் விடக்கடிக்கென்று சுவடிகளும் மருந்துகளும் இருந்தன. ஊர்தோறும் விடக்கடி வைத்தியர் இருந்தார். பச்சிலை அரைத்துக் கொடுப்பது, கண்ணில் மருந்திடுவது, வேப்பிலையால் மந்திரிப்பது, கடிவாயில் விஷக்கல் வைப்பது, கடிவாய்க்கு மேலே இறுகக் கட்டுவது, கீறிக் குருதியை வெளியேற்றுவது எனப் பல முறைகள் வழக்கில் இருந்தன. கடிபட்டவரை உறங்கவிடாமல் விழித்திருக்கச் செய்வதும், மிளகையோ கசப்பான இலையையோ மெல்லக் கொடுத்துச் சுவை தெரிகிறதா என்று கேட்பதும் நோயின் போக்கைக் கண்காணிக்க அவர்கள் கையாண்ட வழிகள்.

இம்முறைகளில் தேறியவர்கள் பலர் என்பது உண்மை; அந்த உண்மையே அவற்றின் மீது நம்பிக்கையை நூற்றாண்டுகளாக நிலைநிறுத்தியது. கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சற்றவை என்பதும், நச்சுப்பாம்பும் பல வேளைகளில் நஞ்சைச் செலுத்தாமல் பல்லை மட்டும் பதித்து விலகிவிடும் என்பதும் அறியப்படாத நிலையில், தானாகவே பிழைத்திருக்கக்கூடியவரின் உயிரும் மருந்தின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. முழு அளவு நஞ்சு ஏறியவர் இறந்தபோது, கொண்டுவரத் தாமதமாயிற்று என்றோ விதி முடிந்தது என்றோ அது விளக்கப்பட்டது. வைத்தியர்களின் நேர்மையை ஐயுறுவதற்கு இதில் இடமில்லை. எந்தப் பாம்பு கடித்தது, எவ்வளவு நஞ்சு ஏறியது என்று அளந்தறியும் வழி எவரிடமும் இல்லாத காலம் அது.

கம்பெனி மருத்துவர்களின் சோதனைகள்

அளந்தறியும் முயற்சி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையில் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராக விசாகப்பட்டினத்தில் பணியாற்றிய பாட்ரிக் ரஸ்ஸல், அப்பகுதியின் பாம்புகளைத் திரட்டி, ஊர்மக்கள் வழங்கிய பெயர்களோடும் ஓவியங்களோடும் 1796இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார். கண்ணாடி விரியன் நாகத்துக்கு நிகரான கொடிய நஞ்சுடையது என்பதை ஐரோப்பிய அறிவுலகத்துக்கு எடுத்துக்காட்டியவர் அவரே. இன்றும் அறிவியல் உலகில் அப்பாம்பு அவர் பெயராலேயே அறியப்படுகிறது. நாய்களையும் கோழிகளையும் பாம்பு தீண்டச் செய்து, குறிகள் தோன்றும் வரிசையையும் இறப்புக்குப் பிடிக்கும் நேரத்தையும் அவர் குறித்து வைத்தார். தஞ்சாவூர் மாத்திரை என்ற பெயரில் அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த பாம்புக்கடி மருந்தையும் அவர் சோதித்தார். வெண்பாஷாணம், பாதரசம், நேர்வாளம், மிளகு முதலியவை சேர்ந்த அம்மாத்திரை நோயைத் தீர்க்கும் என்பதில் அவருக்கு உறுதியான நம்பிக்கை ஏற்படவில்லை.

ரஸ்ஸலுக்கு முக்கால் நூற்றாண்டு கழித்து, வங்காளத்தில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஜோசப் ஃபேரர் இவ்வாராய்ச்சியை விரிவுபடுத்தி, 1872இல் இந்திய நச்சுப்பாம்புகளைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அவர் திரட்டிய கணக்கின்படி 1869ஆம் ஆண்டில் மட்டும், ஏறத்தாழப் பாதி நாட்டிலிருந்து கிடைத்த தகவல்களிலேயே, 11,416 பேர் பாம்புக்கடியால் இறந்திருந்தனர். அரசாங்கம் பாம்பைக் கொன்று கொண்டுவருவோருக்கு வெகுமதி வழங்கியது. ஆண்டுதோறும் பெருந்தொகையான பாம்புகள் கொல்லப்பட்டும், பதிவான இறப்புகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 என்ற அளவிலேயே நீடித்தன. மருந்துகளைப் பொறுத்தவரையில், விஷக்கல் உட்படத் தமக்குச் சொல்லப்பட்ட பரிகாரங்கள் பலவற்றைச் சோதித்த ஃபேரர், நஞ்சு உடலில் கலந்த பின் அதை முறிக்கும் மருந்து எதுவும் இல்லை என்ற முடிவுக்கே வந்தார்.

ஐரோப்பிய மருத்துவமும் இதில் பிழைகளுக்கு விலக்கன்று. கடிவாயைக் கீறி அதில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் படிகத்தைத் தேய்ப்பதற்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைக்கப்பட்ட சிறு கத்தி இந்தியாவில் பரவலாக வழங்கப்பட்டது. ஆய்வுக்கூடக் குடுவையில் நஞ்சை அழிக்கும் அந்த வேதிப்பொருள், உடலில் பரவிவிட்ட நஞ்சைத் தொடவே முடியாது என்பதும், கீறலும் படிகமும் தசையைப் புண்ணாக்குகின்றன என்பதும் பின்னரே தெளிந்தன. அரிவாளால் கீறும் ஊர்ப் பழக்கமும் கத்தியால் கீறும் மருத்துவப் பழக்கமும் இவ்வகையில் ஒரே தவற்றின் இரு வடிவங்கள்.

குதிரையின் குருதியில் பிறந்த மருந்து

நஞ்சுக்கு எதிரான மருந்து நஞ்சிலிருந்தே பிறந்தது. 1887இல் அமெரிக்காவில் ஹென்றி சூவல் என்பவர், பாம்பு நஞ்சைச் சிறிது சிறிதாகப் புறாக்களுக்குச் செலுத்தி, கொல்லும் அளவையும் அவை தாங்குமாறு பழக்கிக் காட்டினார். 1894இல் பாரிஸில் சேசார் ஃபிசாலிக்ஸ், கப்ரியேல் பெர்த்ராந்த் என்னும் இருவரும், அவர்களிடமிருந்து தனியாக ஆல்பர் கால்மெத்தும், அவ்வாறு பழக்கப்பட்ட விலங்கின் குருதிநீர் வேறொரு விலங்கையும் காக்கும் என்று மெய்ப்பித்தனர். அதற்கு முன் சைகோன் நகரில் பாஸ்டர் ஆய்வகத்தை நடத்திய கால்மெத், அங்கே நாகக்கடி மரணங்களைக் கண்டே இவ்வாராய்ச்சியில் இறங்கியவர்.

நச்சுமுறி மருந்து, அதாவது மக்கள் வழக்கில் விஷமுறிவு ஊசி எனப்படுவது, இன்றும் அடிப்படையில் அதே வழியில்தான் தயாராகிறது. நலமான குதிரைக்குப் பாம்பு நஞ்சு மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்திச் செலுத்தப்படுகிறது. குதிரையின் உடல் அந்நஞ்சைப் பற்றிச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்புப் புரதங்களைக் குருதியில் உண்டாக்குகிறது. குருதியின் ஒரு பகுதியை எடுத்து அப்புரதங்களைப் பிரித்துத் தூய்மை செய்து, உறையவைத்து உலர்த்திய தூளாகக் குப்பிகளில் அடைக்கின்றனர். நோயாளியின் உடலில் உலவும் நஞ்சை அப்புரதங்கள் கட்டிப்போடுகின்றன. ஆனால் நஞ்சு முன்பே சிதைத்துவிட்ட நரம்பு முனையையோ சிறுநீரகத்தையோ அவற்றால் சீராக்க இயலாது. காலத்தாழ்வு உயிரைக் குடிப்பது இதனாலேயே.

தம் மருந்து எல்லாப் பாம்புகளுக்கும் பயன்படும் என்று கால்மெத் நம்பினார். இந்தியாவில் பணியாற்றிய ஜார்ஜ் லாம்ப் முதலிய ஆய்வாளர்கள், நாக நஞ்சால் உண்டான மருந்து கண்ணாடி விரியனின் நஞ்சை முறிக்காது என்று மெய்ப்பித்து அந்நம்பிக்கையைத் தகர்த்தனர். எந்தப் பாம்பின் நஞ்சு குதிரைக்குச் செலுத்தப்படுகிறதோ அந்தப் பாம்பின் கடிக்கே மருந்து என்னும் இவ்விதி, மருந்துத் தயாரிப்பின் முழுப்போக்கையும் தீர்மானித்தது. 1905இல் தோன்றிய கசௌலி மத்திய ஆராய்ச்சி நிலையத்தில் நாகம், கண்ணாடி விரியன் ஆகிய இரண்டுக்கும் எதிரான மருந்து தயாராயிற்று. பின்னர் பம்பாயின் ஹாஃப்கின் நிலையம் முதலியவற்றில் நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் எதிரான கூட்டு மருந்து உருவாயிற்று. சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையமும் இம்மருந்தைத் தயாரித்த நிறுவனங்களில் ஒன்று.

மருந்து வேண்டுமானால் நஞ்சு வேண்டும். நஞ்சு வேண்டுமானால் உயிருள்ள பாம்பு வேண்டும். அதுவும் நான்கு இனங்களிலும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வேண்டும். பாம்பைச் சேதமின்றிப் பிடிக்கும் திறமை எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை. அத்திறமை உடையவர்களை வரலாறு அதுவரை வேறொரு வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தது.

தோல் வணிகத்திலிருந்து நஞ்சுக் கூட்டுறவுக்கு

இருளர்கள் நீலகிரி மலையிலும் உள்ளனர்; செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் ஆகிய மாவட்டங்களின் சமவெளியிலும் உள்ளனர். இக்கட்டுரை சமவெளி இருளர்களைப் பற்றியது. புதர்க்காடுகளிலிருந்து தேன், கிழங்கு, மூலிகை ஆகியவற்றைத் திரட்டியும், எலி, உடும்பு, ஆமை முதலியவற்றைப் பிடித்தும் வாழ்ந்த இம்மக்கள் கன்னியம்மனை வழிபடுபவர்கள். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் ஒன்றுகூடுவது இவர்களின் மரபு. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை அரசின் காப்புக்குள் கொண்டுவந்த பின், காட்டை நம்பிய வாழ்க்கை சுருங்கி, பலர் கூலிகளாயினர். அரிசி ஆலைகளிலும் செங்கற் சூளைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கொத்தடிமைகளாக உழன்ற குடும்பங்களும் உண்டு.

இவர்களின் கைத்திறன் நெடுங்காலப் பயிற்சியால் வருவது. மணலில் பதிந்த தடம், உரித்துப் போட்ட சட்டை, எச்சம், வளையின் வாயில் மண் வழுவழுப்பாகியிருக்கும் விதம் ஆகியவற்றைக் கொண்டு உள்ளே பாம்பு இருக்கிறதா, எந்த இனம், எப்போது சென்றது என்று கணிக்கிறார்கள். கடப்பாரையால் வளையை அளவறிந்து தோண்டி, ஒரு குச்சியின் துணையோடு பாம்பைக் காயமின்றி எடுத்துப் பையில் இடுகிறார்கள். எலிவளை தோண்டும்போது எலியோடு அது சேர்த்துவைத்த நெல்லும் கிடைக்கும். உழவனின் விளைச்சலைக் காக்கும் பணியும் அதனூடே நிறைவேறியது.

20ஆம் நூற்றாண்டில் இத்திறமையைப் பாம்புத்தோல் வணிகம் விலைக்கு வாங்கியது. வெளிநாடுகளில் கைப்பைக்கும் காலணிக்கும் பாம்புத்தோல் விரும்பப்பட, தோல் பதனிடும் தொழிலில் பெயர்பெற்ற சென்னைப் பகுதி அவ்வணிகத்தின் மையங்களில் ஒன்றாயிற்று. பெருங்கணக்கில் பாம்புகள் கொல்லப்பட்டன. பிடித்தவருக்குக் கிடைத்ததோ சிறுதொகை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், அதைத் தொடர்ந்து 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் அவ்வணிகத்தை முடிவுக்குக் கொண்டுவந்தன. பாம்புகளுக்கு நன்மை செய்த அச்சட்டம், வேறு வருவாய் இல்லாத இருளர்களைப் பட்டினிக்குத் தள்ளியதோடு, அவர்களின் மரபுத் தொழிலையே குற்றமாக்கியது.

இந்நிலையில்தான் நஞ்சையும் பிழைப்பையும் இணைக்கும் எண்ணம் செயலுக்கு வந்தது. சென்னைப் பாம்புப் பண்ணையையும், மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலி அருகே முதலைப் பண்ணையையும் நிறுவிய ரோமுலஸ் விட்டேகர், பாம்பைப் பற்றிய நுட்பங்களை இருளர்களிடமே கற்றவர். அவருடைய முயற்சியாலும் இருளர்களின் ஒத்துழைப்பாலும் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. வனத்துறை ஆண்டுதோறும் வழங்கும் அனுமதியின்படி, குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டுமே உறுப்பினர்கள் பாம்புகளைப் பிடித்துவருகிறார்கள். வாய் கட்டிய மண்பானைகளில் அவை ஏறத்தாழ மூன்று வாரம் வைக்கப்பட்டு, வாரம் ஒருமுறை வீதம் அவற்றின் நஞ்சு எடுக்கப்படுகிறது. தலையின் பின்புறத்தைப் பிடித்து, மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் குடுவையின் விளிம்பைக் கடிக்கச் செய்தால், நஞ்சு உள்ளே சொட்டுகிறது. அதை உறைநிலையில் உலர்த்தித் தூளாக்கி மருந்து நிறுவனங்களுக்கு விற்கிறார்கள். பின்னர் வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டிப் பாம்பு மீண்டும் காட்டில் விடப்படுகிறது. அடையாளம் மறையும் முன் அதே பாம்பு சிக்கினால் அதை மறுபடியும் எடுத்துக்கொள்வதில்லை.

கொல்லாமல் பயன்கொள்ளும் இம்முறை பாம்புக்கும் மனிதருக்கும் ஒருங்கே நன்மை செய்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட இச்சங்கமே இந்தியாவின் நச்சுமுறி மருந்துக்குத் தேவையான நஞ்சின் பெரும்பகுதியைப் பல்லாண்டுகளாக வழங்கி வந்திருக்கிறது. 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க அழைக்கப்பட்ட மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருளர் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஒருகாலத்தில் வேட்டைக்காரர் என்று விரட்டப்பட்டவர்களின் அறிவை அரசு வெளிப்படையாக ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

இன்னும் இணையாத கண்ணிகள்

மருந்து இருந்தும் மரணம் குறையாததற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, நஞ்சின் இடவேறுபாடு. ஒரே இனப்பாம்பின் நஞ்சும் நாட்டின் வெவ்வேறு பகுதிகளில் கலவையில் மாறுபடுகிறது என்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் முதலிய இடங்களின் ஆய்வுகள் எடுத்துக்காட்டியுள்ளன. பெரும்பாலும் தமிழகத்தின் வடமாவட்டப் பாம்புகளின் நஞ்சால் உருவான மருந்து, தொலைவிலுள்ள பகுதிகளில் அதே அளவுக்குப் பயன்தருவதில்லை. இந்திய மருந்தையே நம்பியிருக்கும் இலங்கையிலும் இச்சிக்கல் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வாழும், மூக்கு நுனி மேல்நோக்கி எழுந்த சிறு குழிவிரியன் இனம் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. அதன் நஞ்சை இம்மருந்து முறிப்பதில்லை. வெவ்வேறு வட்டாரங்களிலும் நஞ்சு திரட்டும் நிலையங்கள் அமைவதே இதற்குத் தீர்வு. அவற்றுக்கு வழிகாட்டும் அனுபவம் இருளர் கூட்டுறவுச் சங்கத்திடம் இருக்கிறது.

இரண்டாவது காரணம் தொலைவும் காலமும். 2001 முதல் 2003 வரையிலான இறப்புகளை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வு, பாம்புக்கடியால் இறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் மருத்துவமனைக்கு வெளியே இறந்தனர் என்று காட்டியது. மந்திரிப்பதிலும் பச்சிலையிலும் கழிந்த நேரம், இரவில் வண்டி கிடைக்காத நேரம், மருந்து இல்லாத மருத்துவமனையிலிருந்து அடுத்த ஊருக்கு அனுப்பப்பட்ட நேரம் ஆகியவையே அவர்களின் உயிரைக் கொண்டுசென்றன. மருத்துவ முறையோ சிக்கலானதன்று. புதிய, உலர்ந்த, தூய கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லிலிட்டர் குருதியை எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, அது உறையவில்லையானால் விரியன் நஞ்சு ஏறியிருக்கிறது என்று கண்டறியலாம். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்கு வேண்டியதில்லை. நரம்பு நஞ்சால் மூச்சுத் திணறுபவருக்குச் செயற்கைச் சுவாசம் தொடர்ந்து அளித்தால் அவர் மீள முடியும். ஆரம்ப சுகாதார நிலைய அளவிலேயே இவற்றுக்கு ஆளும் மருந்தும் பயிற்சியும் இருப்பதுதான் தேவை.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடி நஞ்சேற்றத்தைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் முன்னுரிமை உடையதாகச் சேர்த்தது. 2030க்குள் இறப்புகளைப் பாதியாகக் குறைக்கும் நோக்குடன் இந்திய அரசு 2024இல் தேசியச் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது; அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்கப்படவேண்டிய நோயாக்கியது. ஒவ்வொரு கடியும் பதிவாகும்போதுதான் எந்த வட்டத்தில் எத்தனை குப்பி மருந்து வேண்டும் என்பது தெரியும் என்பதால், இந்த அறிவிப்பு மருந்து வழங்கலுக்கே அடிப்படையாகிறது.

வரலாறு தரும் படிப்பினை

இரண்டு நூற்றாண்டுச் சோதனைகள் விலக்கித் தள்ளிய செயல்களை வீடுதோறும் அறிந்திருக்க வேண்டும். கடிவாயைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும், பச்சிலைக்காகக் காத்திருப்பதும், பாம்பைத் துரத்திப் பிடிக்க முயல்வதும் தீங்கானவை. கடிபட்டவரைப் பதற்றமின்றிப் படுக்கவைத்து, மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு ஆகியவற்றைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை எலும்பு முறிந்தால் கட்டுவதுபோல் பலகை வைத்து அசையாமல் கட்டி, நடக்கவிடாமல், 108 ஊர்தியிலோ கிடைத்த வண்டியிலோ நச்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுசெல்வதே முறை. தடுப்பு வழிகளும் எளியவை: தரையில் படுப்பவர் கொசுவலையின் ஓரங்களைப் பாயின் கீழ் செருகிக்கொள்வது கட்டுவிரியனைத் தடுக்கும், இருட்டில் கைவிளக்கும், வயலில் காலணியும், விறகையும் வைக்கோலையும் வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி அடுக்குவதும், எலி சேராமல் தானியத்தைக் காப்பதும் பெரும்பாலான கடிகளைத் தவிர்க்கும்.

அரசும் சமூகமும் செய்யவேண்டியது வேறு. மருத்துவமனைக் குப்பியில் அடைபட்டிருக்கும் மருந்தின் தொடக்கம், கடப்பாரையோடு வரப்பில் குனிந்திருக்கும் இருளரின் உழைப்பில் இருக்கிறது. அவர்களின் நஞ்சுக்கு நியாயமான விலையும், பிடிப்பு அனுமதி ஆண்டுதோறும் உரிய காலத்தில் கிடைப்பதும், குடியிருக்க நிலப்பட்டாவும், அவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வியும் உறுதியாக வேண்டும். அந்த அறிவு அடுத்த தலைமுறைக்குச் செல்லாமல் அற்றுப்போனால் அதை எந்த ஆய்வுக்கூடத்திலும் மீட்டுருவாக்க முடியாது. பாம்புகளை அழித்துப் பாம்புக்கடியை ஒழிக்கலாம் என்ற வெகுமதிக் காலத்து முயற்சி தோற்றது. பாம்பைக் காத்து, பாம்பை அறிந்தவரைக் காத்து, மருந்தைக் கிராமத்தின் வாசலுக்குக் கொண்டுசெல்லும் வழி ஒன்றே பயன் தந்திருக்கிறது. ஆண்டுக்கு அரைலட்சம் உயிர்களைக் காக்கக்கூடிய அவ்வழியை முழுமையாக்குவது இத்தலைமுறையின் கடமை.